நீந்தி, மிதித்து, ஓடி...!

வீரபாண்டியில் காலை எட்டு மணிக்குத் தெருவைக் கடப்பதென்றால் அதற்கே தனிப் பயிற்சி வேண்டும். பல்லடம் சாலையில் பனியன் கம்பெனி வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பை, தலையில் வைத்தும் வைக்காததுமாகப் பூச்சரம். இந்தக் கோலத்தில் பெண்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், ஒலிம்பிக்ஸுக்கு ஆள் தேடுகிறவர்கள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

அப்படி ஓடுகிறவர்களில் எங்கள் எதிர் வீட்டு அம்மணியும் ஒருத்தி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறவள். காலை எட்டரைக்கு மிஷின் முன் உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழுந்திருக்கும்போது இரவு எட்டரை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு உலகத்தைப் பார்க்க நேரம். அன்றைக்குத்தான் கைபேசியும் கையுமாக எங்கள் திண்ணைக்கு வந்து உட்காருவாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அப்படித்தான் வந்தாள்.

"ஏனுங்கக்கா, இதைப் பாருங்களேன்! இந்தப் பொம்பளை கடல்ல நீந்தறாளாமா. கரைக்கு வந்ததும் சைக்கிள் ஓட்டறாளாமா. அதையும் எறங்கிப்போட்டு ஓட்டமும் ஓடறாளாமா. மூணும் ஒரே நாள்லயாமா! இதுக்குச் சம்பளம் எவ்வளவு குடுப்பாங்க?"

"சம்பளமா? அவளேதான் பணம் கட்டிச் சேர்ந்து ஓடறா" என்றேன்.

அம்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கெரகமே! காசையும் குடுத்து ஒடம்பையும் நோகடிச்சுக்கறதா? எதுக்குங்கக்கா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த 'எதுக்குங்கக்கா'வுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

ஷிப்ட் கணக்கில் ஒரு பந்தயம்

இந்தப் பந்தயத்துக்கு 'டிரையத்லான்' என்று பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் இதே வரிசையில், இடையில் ஓய்வில்லாமல் நடக்க வேண்டும். முதல் கடிகாரம் ஓடத் தொடங்கினால் கடைசிக் கோட்டைத் தாண்டும் வரையில் நிற்காது. ஈரத் துணியைக் களைந்து காலணி மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும்.

இதில் பல அளவுகள் உண்டு. ஒலிம்பிக்ஸில் நடப்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்ஸில் இடம் பெற்றது. அதைவிட நீண்டது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். இதைப் போல இரு மடங்கு தூரம் உள்ளதற்குத்தான் 'அயர்ன்மேன்', அதாவது 'இரும்பு மனிதன்' என்று பெயர்.

கிலோமீட்டர் கணக்கு அம்மணிக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னேன். 70.3 பந்தயத்தில் சைக்கிள் மிதிப்பது, திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் போய், ஏறத்தாழத் திரும்பி வந்து சேருகிற தூரம். அதற்குப் பிறகு ஓடுவது, வீரபாண்டியிலிருந்து பல்லடம் போய்த் திரும்புகிற தூரம். இவ்வளவையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். முழு இரும்பு மனிதனுக்குப் பதினேழு மணி நேரம்.

அம்மணி விரலை மடக்கினாள். "அப்ப சின்னது ஒரு ஷிப்ட்டுங்க. பெரிசு ரெண்டு ஷிப்ட்டுக்கு மேல ஒரு மணி நேரம். அட, நாங்க தீபாவளி ஆர்டருக்கு அதுக்கு மேலயே பாத்திருக்கறமே!"

கணக்கு என்னவோ சரிதான்.

விவாதத்தில் பிறந்த வம்பு

இந்த வம்பு எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு வாய்ச் சண்டையில்தான்!

1977-ஆம் ஆண்டு, ஹவாய்த் தீவு ஒன்றில் ஓட்டப் பந்தயம் முடிந்து பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. உலகத்திலேயே உடல்வலு மிக்கவர் யார், ஓடுகிறவரா, நீந்துகிறவரா என்று பேச்சு எழுந்தது. சைக்கிள்காரர்தான் என்று இன்னொரு கட்சி. ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி நடுவில் புகுந்தார். அந்தத் தீவில் ஏற்கெனவே கடல் நீச்சல் ஒன்றும், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம் ஒன்றும், மாரத்தான் ஓட்டம் ஒன்றும் தனித்தனியே நடந்து வந்தன. "மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்துவிடுவோமே! முதலில் முடிக்கிறவன்தான் இரும்பு மனிதன்!" என்கிற யோசனையை அவர் எடுத்துவிட்டார்.

இதில் அவருடைய மனைவி ஜூடிக்கும் சம பங்கு உண்டு. 1974-ல் கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரத்தில் டிரையத்லான் என்ற பெயரோடு ஒரு சின்னப் பந்தயம் நடந்தபோது தம்பதி இருவரும் அதில் கலந்துகொண்டவர்கள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட கையோடு கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று இருந்துவிடாமல், பந்தய ஓட்டத்திலும் ஜோடியாகவே கிளம்பியிருக்கிறார்கள்.

1978 பிப்ரவரி 18-ஆம் தேதி ஓவாஹுத் தீவில் பந்தயம் நடந்தது. புறப்பட்டவர்கள் பதினைந்து பேர். அத்தனை பேரும் ஆண்கள். முடித்தவர்கள் பன்னிரண்டு பேர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி. வம்பை ஆரம்பித்து வைத்த காலின்ஸும் விடவில்லை. ஏறக்குறையப் பதினேழு மணி நேரத்தில் அவரும் முடித்தார்.

இரண்டாவதாக வந்தவர் கதை வேடிக்கை. ஓட்டத்தின்போது அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கையிலிருந்த பீரைக் கொடுத்துவிட்டார்கள்! தாகத்துக்கு எதைக் குடிப்பது என்பது இந்தப் பந்தயத்தில் எவ்வளவு பெரிய சமாசாரம் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

'இரும்பு மனிதன்' என்று பெயர் வைத்தவர்களை அடுத்த வருஷமே ஒரு பெண் யோசிக்க வைத்துவிட்டாள். 1979-ல் லின் லெமேர் என்ற சைக்கிள் வீராங்கனை 12 மணி 55 நிமிஷத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவதாக வந்தாள். பெயரை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை!

பரீட்சைக்கு எழுத வந்த பெண்

ஆனால் இந்தப் பந்தயத்தை உலகத்துக்கெல்லாம் தெரியவைத்தவள் ஜெயித்தவள் அல்ல, தோற்றுப்போன ஒருத்தி. அவள் பெயர் ஜூலி மாஸ்.

வயது இருபத்துமூன்று. கலிபோர்னியாவில் கல்லூரி மாணவி. உடற்பயிற்சியின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுடைய பாடம். கடைசி வருஷத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். 'அந்த ஹவாய்ப் பந்தயத்தில் நாமே கலந்துகொண்டு, நம் உடம்பையே சோதித்து எழுதிவிட்டால் என்ன?' என்று கிளம்பிவிட்டாள். அத்தனை நீளப் பந்தயம் அவளுக்கு அதுதான் முதல் தடவை.

1982 பிப்ரவரி மாதம். பந்தயம் அப்போது ஹவாயின் பெரிய தீவுக்கு மாறியிருந்தது. கட்டுரை எழுத வந்த பெண், நீந்தி முடித்தாள். எரிமலைக் கற்குழம்பு உறைந்து கிடக்கிற வெட்டவெளியில் சைக்கிள் மிதித்தாள். ஓட்டத்தில் பார்த்தால், பெண்களில் எல்லோருக்கும் முன்னால் அவள்தான்!

இருட்டிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது அவளுடைய கால்கள் அவள் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. துவண்டு விழுந்தாள். எழுந்தாள். நாலடி வைத்தாள். மறுபடி விழுந்தாள். தொட்டு உதவி செய்தால் அவளைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்பதால் பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

முடிவுக் கோடு கண்ணுக்கு எதிரே. அந்த நேரத்தில்தான் காத்லீன் மெக்கார்ட்னி என்ற இன்னொரு பெண் அவளைத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டாள். போட்டி முடிந்தது. முதலிடம் போய்விட்டது. இனிமேல் எழுந்து என்ன ஆகப்போகிறது?

ஜூலி அப்படி நினைக்கவில்லை. கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, குழந்தை தவழுவதுபோல் தவழ்ந்தாள். கடைசிச் சில அடிகளைத் தவழ்ந்தே கடந்து, கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். இருவருக்கும் இடையே இருபத்தொன்பது விநாடிதான் வித்தியாசம். பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிற நேரம்!

தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயித்த காத்லீனின் பெருமை ஒரு சிறிதும் குறையவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களுக்கு, 'நாமும் ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன?' என்ற எண்ணத்தைக் கொடுத்தது தவழ்ந்து வந்தவள்தான். இந்தப் பந்தயத்தில் முடிப்பதே வெற்றி என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. முழங்காலால் எழுதிக் காட்டினாள்.

முப்பது வருஷம் கழித்து, 2012-ல், அதே தீவில் அதே பந்தயத்தில் ஜூலியும் காத்லீனும் மறுபடி சேர்ந்து புறப்பட்டார்கள் என்பது கதைக்கு நல்ல முத்தாய்ப்பு.

இதை நான் சொல்லி முடித்ததும் அம்மணி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏனுங்கக்கா, அந்தப் பொண்ணு காலைல ஒழுங்கா சாப்பிட்டுப்போட்டுப் போனாளாமா?" என்று கேட்டாள்.

சிரிக்காதீர்கள். மிகவும் சரியான கேள்வி!

அடுப்பில் விறகு

நம் உடம்பு ஓர் அடுப்பு. சோற்றிலும் பழத்திலும் இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக் கல்லீரலிலும் தசைகளிலும் அடுக்கி வைத்திருக்கிறது. கடுமையாக உழைத்தால் இந்த விறகு சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கொழுப்பு என்ற பெரிய விறகுக்கட்டை எல்லோரிடமும் இருக்கிறது. (சிலரிடம் சற்றுத் தாராளமாகவே!) ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். சிறு விறகு தீர்ந்துவிட்டால் கால் கனக்கும், கண் இருளும், மனசு 'விட்டுவிடு, விட்டுவிடு' என்று கெஞ்சும்.

ஆகையால் நீண்ட பந்தயக்காரர்கள் சைக்கிளில் போகும்போதே சாப்பிட வேண்டும். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். மணிக்கு இரண்டு வாழைப்பழத்தில் இருக்கிற அளவாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். தண்ணீரும் அப்படியே. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்தாலும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சம்பழச் சாற்றின் மகிமையை நம் பாட்டிமார்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை!

நீங்களே புறப்படுவதாக வைத்துக்கொள்வோம்

வாசகச் சகோதரி, கதை கேட்டது போதும். கொஞ்ச நேரம் நீங்களே கிளம்புங்கள். வெகு தூரம் வேண்டாம். 2019 அக்டோபரில் கோவாவில் முதன்முதலாக 70.3 பந்தயம் நடந்தது. பணஜி நகரத்தில் மிராமார் கடற்கரை. அங்கே போவோம்.

இன்னும் விடியவில்லை. கையில் எண் எழுதியிருக்கிறார்கள். தலையில் ரப்பர்த் தொப்பி. பக்கத்தில் டாக்டர்கள், வியாபாரிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று நூற்றுக்கணக்கான பேர். யாரும் இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல. எல்லோர் வயிற்றிலும் பட்டாம்பூச்சி.

கடலில் இறங்குகிறீர்கள். 1,900 மீட்டர். இருபத்தைந்து மீட்டர் நீச்சல் குளத்தில் எழுபத்தாறு தடவை நீந்துகிற தூரம். குளத்தில் என்றால் கீழே கோடு தெரியும். களைத்தால் சுவரைப் பிடிக்கலாம். இங்கே கோடும் இல்லை, சுவரும் இல்லை. முன்னால் போகிறவரின் கால் உங்கள் மூக்கில் இடிக்கும். நாலைந்து வீச்சுக்கு ஒரு தடவை முதலைபோல் கண்ணை மட்டும் தூக்கி, மிதவை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், நேர் வழியை விட்டு வளைந்து வளைந்து இன்னும் நூறு மீட்டர் சேர்த்து நீந்துவீர்கள். பதறினால் மூச்சு முட்டும். மல்லாந்து படுத்து நாலு மூச்சு விட்டுவிட்டுத் தொடரலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஒரு மணி பத்து நிமிஷத்துக்குள் கரையேற வேண்டும். உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பேஷ்!

கரையேறியதும் உடை மாற்றும் இடம். இதை 'நான்காவது பந்தயம்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தலைக்கவசத்தைப் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டால் தண்டனை. எட்டு நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறீர்கள். ஏழு நிமிஷத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டு அனுப்புகிற உங்களுக்கு இது ஒரு பிரமாதமா?

சைக்கிளில் தொண்ணூறு கிலோமீட்டர். முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளி விட்டே போக வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. உற்சாகத்தில் இங்கே வேகமாக மிதித்துவிடுவார்கள். சம்பளம் வந்த சனிக்கிழமையே செலவழித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கடன் கேட்பதுபோலத்தான்! நீங்கள் விவரம் தெரிந்தவர். மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று நிதானமாக மிதித்து, வாழைப்பழத்தையும் தின்று, நாலு மணி ஐந்து நிமிஷத்தில் முடிக்கிறீர்கள்.

சைக்கிளை நிறுத்தி, ஐந்து நிமிஷத்தில் காலணி மாற்றி, ஓட முதல் அடி வைக்கிறீர்கள். ஐயோ! இவை யாருடைய கால்கள்? இவ்வளவு நேரம் வட்டமாகச் சுற்றின கால்களுக்கு நேராக ஓடத் தெரியவில்லை. இதற்காகவேதான் பயிற்சிக் காலத்தில் சைக்கிளிலிருந்து இறங்கின கையோடு கொஞ்ச தூரம் ஓடிப் பழக வேண்டும். பத்து நிமிஷத்தில் கால்கள் மறுபடி உங்களுடையவை ஆகிவிடும்.

ஆனால் வெயில்? கடலோர வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டுகின்றன. நீங்கள் நம் ஊர்ப் பருத்திப் பனியனைப் போட்டிருந்தால் இப்போது தெரியும்! வீட்டில் உடுத்தப் பருத்தியைப் போல் சுகம் கிடையாது. ஆனால் மணிக்கணக்கில் ஓடும்போது வியர்வையை எல்லாம் குடித்துக் கனத்துப்போய்த் தோலை உராய்ந்துவிடும். அதனால்தான் பந்தயக்காரர்கள் சட்டென்று உலர்கிற செயற்கை நூல் உடையைத் தேடுகிறார்கள்.

மணிக்கு ஏழு கிலோமீட்டர். சில இடத்தில் ஓட்டம், சில இடத்தில் நடை. மூன்று மணியும் ஒரு நிமிஷமும் ஆகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். எட்டு மணி பத்தொன்பது நிமிஷம்! கெடுவுக்கு இன்னும் பதினோரு நிமிஷம் பாக்கி. கழுத்தில் பதக்கம் விழுகிறது.

பல பந்தயங்களில் பதக்கத்தோடு ஒரு பனியனும் கொடுப்பார்கள். நம்மூர்ப் பெண்ணாயிருந்தால் அதை வாங்கியதும் முதல் காரியமாகத் திருப்பிப் பார்த்து, ஓவர்லாக் சரியாக ஓடியிருக்கிறதா என்று பார்ப்பாள்!

எல்லாவற்றிலும் கடினமான பந்தயம்

இதெல்லாம் ஒரு நாள் கூத்து. அந்த ஒரு நாளுக்காக நாலைந்து மாதம் பழக வேண்டும். வாரத்தில் எட்டு மணி நேரமாவது வேண்டும். முதலில் டாக்டரிடம் இருதயத்தைக் காட்டிக்கொள்ள வேண்டும். தூரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது உடம்பைச் சும்மா விட வேண்டும்.

அந்த எட்டு மணி நேரத்துக்குப் பெண்பிள்ளை எங்கே போவாள்? ஆண்பிள்ளை விடியற்காலை ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்தால், 'என்ன சுறுசுறுப்பு!' என்பார்கள். பெண் எடுத்தால், 'காப்பி போட்டாச்சா?' என்பார்கள். நீச்சலையும் சைக்கிளையும் ஓட்டத்தையும்விட, 'இந்த ஒரு மணி நேரம் எனக்கு' என்று வீட்டில் வாய் திறந்து சொல்வதுதான் கஷ்டமான பந்தயம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு முடிவுக் கோடும் கிடையாது. தினம் தினம் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்!

ஆனாலும் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுப் பெண்ணான அனு வைத்தியநாதன் பொறியியல் படித்தவர். 2009-ல் கனடாவில் 'அல்ட்ராமேன்' என்ற பந்தயத்தை முடித்தார். பத்துக் கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் மூன்றே நாளில்! தம் அனுபவங்களை 2016-ல் புத்தகமாகவும் எழுதினார்.

வயதாகிவிட்டது என்கிறீர்களா? மடோனா பியூடர் என்று அமெரிக்காவில் ஒரு கன்னிகாஸ்திரீ. ஐம்பதை நெருங்குகிற வயதில்தான் ஓடவே தொடங்கினார். ஐம்பத்தைந்தாவது வயதில் முதல் முழு அயர்ன்மேன். 2012-ல், எண்பத்திரண்டு வயதில், பதினேழு மணிக் கெடுவுக்குள் மறுபடி முடித்துக் காட்டினார். அந்த வயதுப் பெண்களுக்கென்று ஒரு பிரிவே அதற்கு முன் இருந்ததில்லை!

நீந்த எங்கே போவது?

"மிதிக்கிறதும் ஓடறதும் செரிங்கக்கா. நீச்சலுக்கு எங்க போறது?" என்றாள் அம்மணி.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு இல்லாமல் இல்லை. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கிற நொய்யல் இருக்கிறது. ஆனால் வெகு காலம் சாயப்பட்டறைத் தண்ணீர் அதில் ஓடியது. இந்த வருஷம் வெளிநாட்டில் எந்த நிறம் நாகரிகம் என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். 2011 ஜனவரியில், கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நமக்குச் சோறு போட்ட தொழில், நம் பிள்ளைகள் நீந்தும் தண்ணீரை எடுத்துக்கொண்டுவிட்டது. யாரை நோவது?

மிச்சமிருப்பது தோட்டத்துக் கிணறுகள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு நீச்சல் பழக்குவது கொங்கு நாட்டு வழக்கம். ஆனால் அது பெரும்பாலும் பையன்களுக்குத்தான். பெண்பிள்ளைகள் மேட்டில் நின்று துணி பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படி நின்றவள்தான். முப்பத்தெட்டாவது வயதில்தான் துணிந்து தண்ணீரில் இறங்கினேன். முதல் நாள் குடித்த தண்ணீருக்கு வீட்டு வரி கட்டலாம்! ஒரு மாதத்துக்குப் பிறகு, கயிறு தளர்ந்து கிடக்க, உடம்பு தானே மிதந்த அந்த விநாடியை இன்னும் மறக்கவில்லை.

நீச்சல் பந்தயத்துக்கு மட்டுமா? ஆடிப் பெருக்கிலும் ஐப்பசி மழையிலும் குட்டையிலும் வாய்க்காலிலும் போகிற உயிர்கள் எத்தனை! தண்ணீரில் ஆண்டுதோறும் போகிற உயிர்களை நினைத்து, ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள் என்று அறிவித்தது. பெண் குழந்தைக்குக் காது குத்துகிறோம், காப்புப் போடுகிறோம். நீச்சலையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டால் என்ன?

1959-ல் ஆரத்தி சாஹா என்ற வங்காளப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்தினாள். ஆகஸ்டில் முயன்றபோது கரைக்கு அருகில் வரை வந்தும் முடியவில்லை. அடுத்த மாதமே, செப்டம்பர் 29-ஆம் தேதி, மறுபடி இறங்கி 16 மணி 20 நிமிஷத்தில் கடந்தாள். ஆசியாவிலேயே அதைச் செய்த முதல் பெண். அவள் பிறந்த வீட்டில் யாரோ ஒருவர், 'பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?' என்று கேட்காமல் இருந்ததால்தானே!

பதில்

மறு ஞாயிறு அம்மணி, தன் ஒன்பது வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். உறவுக்காரர் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். சுரைக்குடுக்கை கிடைக்கவில்லை, காலி பிளாஸ்டிக் டின் கட்டினோம். கயிற்றின் மறு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள். (தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது, சகோதரிகளே!)

குழந்தை முதலில் அலறினாள். பிறகு கையைக் காலை உதைத்தாள். ஐந்தாவது தடவை, எட்டு வீச்சு வீசி எதிர்ப் படியைத் தொட்டுவிட்டாள். தொட்டதும் திரும்பி அம்மாவைப் பார்த்தாளே ஒரு பார்வை! கோவாவில் கொடுக்கிற பதக்கம் எல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்?

அம்மணி படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை அளைந்துகொண்டிருந்தாள். "வாரம் பூராவும் கம்பெனிக்கும் ஊட்டுக்கும் ஷிப்ட்டுப் பாக்கறமுங்க. நமக்குன்னு பாக்கற ஷிப்ட்டு இதுதானுங்க. அதுதான் அந்தப் பொம்பளையும் காசு கட்டி ஓடறாளாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். எனக்கு வேலை மிச்சம்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தவள், கயிற்றை என் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் சுற்றினாள்.

"இறுக்கிப் புடிச்சுக்கோங்கக்கா" என்றாள். ஒரு படி இறங்கி, திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"ஆமா, அந்தக் கோவாவுக்கு ரயில் எத்தனை மணிக்குங்க?"